இலங்கைத் தொல்பாறைகளின் வயது: ஒரு வரலாற்று நோக்கு

நாடொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், மக்கள் குடியேறிய காலத்திலிருந்தோ முதலரசன் முடிசூடிய நாளிலிருந்தோ தொடங்குதல் வழக்கம். அம்மக்கள் காலூன்றிய நிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. கொழும்பிலே கிணறு தோண்டுவோர் பலவிடங்களிற் சிவந்த செம்பூரான் கல்லைக் காண்பர். அது, கீழேயுள்ள தொன்மையான பாறை வெயிலாலும் மழையாலும் நைந்து மாறியதன் விளைவாகும். வெள்ளவத்தையிலிருந்து கரையோரமாகத் தெற்கே கல்கிசைக்குச் செல்வோர், நையாத பாறையே கடலை எதிர்த்து நிற்பதைக் காணலாம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய தொல்பாறையாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லோ அதனோடு ஒப்பிடுங்கால் நேற்றுப் பிறந்த குழந்தை.

இப்பாறைகளின் வயது யாது? உயிர்ச்சுவடுகளைக் கொண்டு பாறைகளை முன்பின்னாக வரிசைப்படுத்தும் முறை இங்கே பயன்படாது. ஆழத்திலே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய இப்பாறைகளில் அத்தகைய சுவடுகள் இல்லை. எனவே வேறு கடிகாரம் வேண்டியதாயிற்று. அக்கடிகாரம் உருவான வரலாற்றில் நம் நாட்டுக் கற்களுக்குச் சிறப்பான இடமுண்டு.

பிற்காலத்திற் கலைவரலாற்று மேதையாகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி, 1877இற் கொழும்பிற் பிறந்தவர், பயிற்சியாற் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் இயக்குநராகக் கடமையாற்றினார். அக்காலத்திலேயே, 1904இல், சபரகமுவையின் இரத்தினக்கற் படைகளிற் கிடைத்த கரிய, கனத்த சிறு கனசதுரக் கற்கள் ஒரு புதிய கனியமென அறியப்பட்டன. தோரியம் மிகுந்தமையால் அது தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. யுரேனியமும் அதிற் கலந்திருந்தது.

யுரேனியம் மாறா வேகத்திற் சிதைந்து ஈற்றில் ஈயமாகின்றது. கனியமொன்றில் எஞ்சிய யுரேனியத்தையும் விளைந்த ஈயத்தையும் அளந்தால் அதன் வயதைக் கணிக்கலாம். இம்முறையை 1907இற் கையாண்ட அமெரிக்க அறிஞர் போல்ற்வுட், பல நாட்டுக் கனியங்களை ஆராய்ந்தார். அவர் கண்ட வயதுகளுள் யாவற்றினும் மிக்கது இலங்கைத் தோரியனைற்றினது: 220 கோடி ஆண்டு. 1910இல் ஆங்கில அறிஞர் ஸ்ற்றற், அதே வகைக் கல்லில் அடங்கிய ஈலியம் என்னும் வாயுவை அளந்து, வயது ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதென்றார். ஒரே வகைக் கல், இரு கடிகாரம், ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேறுபாடு!

பிழை எங்கே? ஈலியம் கல்லிலிருந்து மெல்லமெல்லக் கசிந்துவிடும். ஆகவே அது காட்டும் வயது குறைந்தது. அதனாலேயே ஸ்ற்றற் அதனை எல்லையாக மட்டும் கூறினார். போல்ற்வுட்டோ, தோரியத்திலிருந்து ஈயம் பிறப்பதில்லையெனக் கொண்டு, கல்லிலிருந்த ஈயம் முழுவதையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதிவிட்டார். அவ்வெண்ணத்தைத் திருத்தியதும் இலங்கைக் கல்லே. 1914இற் சொடியும் ஹைமனும் இலங்கைத் தோரைற்றிலிருந்து பிரித்த ஈயம் சாதாரண ஈயத்தினும் கனத்ததென அளந்து காட்டினர். தோரியமும் ஈயமாகின்றது என்பதற்கு அது சான்றாயிற்று. இரண்டு ஈயங்களையும் பிரித்துக் கணக்கிடும் இற்றை முறைப்படி அக்கனியத்தின் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டாகும்.

அவ்வாறாயின் இலங்கை நிலத்தின் வயது 55 கோடி ஆண்டென முடிக்கலாமோ? அதுவும் பிழை. பழஞ்சுவடியொன்றின் இறுதியில் ஓர் ஆண்டு குறிக்கப்பட்டிருந்தால், அது ஏட்டைப் பெயர்த்தெழுதிய ஆண்டேயன்றி நூல் இயற்றிய ஆண்டன்று. பாறையும் அத்தகையதே. சிர்க்கன் என்னும் சிறு மணியில் நடுப்பகுதி ஒரு காலத்தையும், பின்னர் அதன்மேற் படிந்த புறத்தோல் வேறொரு காலத்தையும் காட்டும். 1987இல் வெளியான ஆய்வொன்று, மலைநாட்டுப் பாறைகளிலுள்ள சிர்க்கன் மணிகள் சில 320 கோடி ஆண்டு வரை பழையனவெனக் காட்டியது. அவை அதனினும் முற்பட்ட ஒரு நிலம் தேய்ந்து, நீரால் அடித்துவரப்பட்ட மணல். அம்மணல் படிந்து புதைந்து உருமாறிய காலம் 110 கோடி ஆண்டுக்கு முன்னரென அப்போது கருதப்பட்டது. 1990களின் ஆய்வுகள் அதனையும் திருத்தி, 61 முதல் 55 கோடி ஆண்டு வரையென நிறுவின.

அக்காலமே இந்தியா, மடகஸ்கார், கிழக்கு அந்தாட்டிக்கா என்பன கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாக இணைந்த காலம். நடுவிலுள்ள மேட்டுநிலத் தொகுதி, அதன் வடமேற்கிலுள்ள வன்னித் தொகுதி, தென்கிழக்கிலுள்ள விஜயன் தொகுதி என்னும் மூன்றும் வெவ்வேறு மூலமுடையன. மேட்டுநிலத்தின் மூலப்பொருள் 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது, ஏனையவை இளையன. அப்பெருங்கண்டம் கூடிய காலத்தில் இவையும் ஒன்றோடொன்று பொருந்தின. இன்று கடல் சூழ்ந்து தனித்து நிற்கும் இத்தீவு, பிற நிலங்களின் மணலாலும் பல துண்டுகளின் சேர்க்கையாலும் ஆனதென்பது சிந்தித்தற்குரியது.

வரலாறு கற்பிக்கும் என்னிடம் மாணவர், "எந்த ஆண்டு?" என வினவுவர். ஆண்டைச் சொல்லி அமைவதே நெடுங்காலம் என் வழக்கமாயிருந்தது. பாறைகளின் கதையைப் படித்தபின், "எந்நிகழ்ச்சியின் ஆண்டு?" என நான் திருப்பி வினவுகின்றேன். மணல் பிறந்ததோ, படிந்ததோ, உருமாறியதோ என்பதைக் கூறாது பாறைக்கு வயது கூறல் பொருந்தாது. அவ்வாறே, எது முந்தியது, யார் மூத்தவர் என்று வழக்காடுமுன், எதன் தொடக்கத்தைக் குறித்துப் பேசுகின்றோம் என்பதைத் தெளிதல் வேண்டும். போல்ற்வுட்டின் எண் பிழையாயினும் அவர் காட்டிய வழி பிழையன்று. அளந்ததை மறையாது வெளியிட்டமையாலேயே பின்வந்தோர் அதனைத் திருத்த முடிந்தது. வரலாற்று மாணவருக்கு இப்பாறைகள் கற்பிக்கும் பாடமும் அதுவேயாகும்.