தீவனச் சாக்கில் பிறந்த பை

அமெரிக்கப் பண்ணைகளுக்கு மாவு ஒரு காலத்தில் மரப் பீப்பாயில்தான் வந்தது. 1846-ல் எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் மெஷினில் அழுத்தமாகத் தைத்த பருத்திச் சாக்குகள் வந்தன. தீவனமும் அதிலேயே வந்தது.

1929-ல் பொருளாதார மந்தம். விளைச்சலுக்கு விலையில்லை, துணி எடுக்கக் காசில்லை. பெண்கள் சாக்கின் தையலைப் பிரித்தார்கள்; பிரித்த நூலையும் வீசவில்லை. கம்பெனி முத்திரையைச் சோப்புப் போட்டுக் கசக்கி எடுத்தார்கள். பெரிய சாக்கு மூன்று சேர்ந்தால் ஒரு கவுன். மிஞ்சிய துண்டை மடித்துத் தைத்து, காது வைத்தால் பை!

கம்பெனிக்காரன் லேசுப்பட்டவனா? பூப்போட்ட சாக்கிலேயே தீவனம் விற்க ஆரம்பித்தான். வீட்டிலுள்ள பூவுக்கு ஜோடி தேடி, கடையில் மூட்டையைப் புரட்டுவது புருஷன் பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மலிவான காகிதப் பை வந்து அந்தத் துணிச்சாக்கை ஓரங்கட்டியது.