கொல்லத்து அச்செழுத்தும் கணினித் திரைப் பொத்தானும்

நமது சங்க மலருக்கு வழக்கமாகக் கல்வெட்டு, பழைய கோயில், சமணக் குன்று என்றுதான் எழுதிக் கொடுப்பேன். இந்தத் தடவை கணினியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர்கள், "நயினாருக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்தார்கள். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திவிட்டு, திருவனந்தபுரம் சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்தவன் நான். கணினி என் துறை அல்ல. ஆனால் கடைக் கல்லாவில் நடந்த ஒரு சங்கதி என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துவிட்டது.

கொப்பரை காணாமல் போன கதை

2003 வாக்கில் கடைக்குக் கணினி வாங்கினோம். பில் போடும் மென்பொருளை நாகர்கோவில் பக்கத்து இளைஞர் ஒருவர் பத்தே நாளில் செய்து கொடுத்தார். எனக்கு ஒரே வியப்பு. "எல்லாத்தையும் நான் எழுதல அண்ணாச்சி. பொத்தான், எழுதுற பெட்டி, பட்டியல் கட்டம் எல்லாம் ரெடிமேடா கிடைக்கு. எடுத்து வைக்க வேண்டியதுதான்" என்றார்.

பாத்திரங்களின் பெயரைத் தமிழிலே போடச் சொன்னேன். எங்கள் கணக்குப்பிள்ளை முப்பது வருஷம் சிட்டையும் பேரேடும் தமிழில் எழுதியவர். ஆங்கிலம் வாசிக்க வராது. 'கொப்பரை' என்று தட்டினால் கட்டத்துக்குள் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. இளைஞர் இரண்டு நாள் முட்டிப் பார்த்தார். "இந்தக் கட்டம் நான் செஞ்சது இல்ல அண்ணாச்சி, வாங்கிப் போட்டது. உள்ள திறந்து பார்க்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார். பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றினோம். கணக்குப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தார்; ஆறு மாதத்தில் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை. அது இன்றும் மனசில் உறுத்துகிறது.

ஆயத்த எழுத்து

ஆயத்தமாய்ச் செய்து வைத்த உறுப்புகளை அடுக்கி வேலையை முடிப்பது கணினிக்காரர்கள் கண்டுபிடித்த வழி அல்ல. நம்மூரிலிருந்து ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும் கொல்லத்தில், 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கத் தமிழ் நூல் அச்சாயிற்று. அன்றிரீக்கு அடிகளார் என்று நாம் சொல்லும் போர்த்துகீசியப் பாதிரியார் அண்ரீக்கே அண்ரீக்கஸ் செய்த நூல் அது. கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்து, கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்து என்று இருவகை எழுத்தின் மாதிரியும் அதில் காட்டப்பட்டுள்ளன. ஓலையில் எழுதுகிறவர் ஒவ்வொரு எழுத்தையும் புதிதாகக் கீறுவார். அச்சுக் கோப்பவரோ வார்த்து வைத்ததை எடுத்து அடுக்குவார். வேகம் கூடியது. ஆனால் வார்ப்பில் இல்லாத எழுத்து நூலிலும் இராது.

இதன் பின்விளைவு நம் காலத்தில் தெரிந்தது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் ஏதுவாகட்டும் என்று மலையாள எழுத்து 1971-இல் கேரள அரசால் சீர்திருத்தப்பட்டது. பல கூட்டெழுத்துகள் பிரிந்தன. 1935 முதல் பெரியார் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, லை, னை முதலான 13 எழுத்துகள் உருமாறின. அதைக் குறை சொல்ல வரவில்லை. என் பேரப்பிள்ளைகள் அதனால் எளிதாய்ப் படிக்கிறார்கள். கருவிக்காக எழுத்து வளைந்தது என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

பொத்தான்கள் பிறந்த கதை

கணினித் திரையில் சாளரமும் சுட்டெலியும் கொண்டு வேலை செய்யும் முறை, அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973-இல் உருவான 'ஆல்டோ' கணினியில் துளிர்த்தது. 1984-இல் வந்த மெக்கிண்டாஷ், பொத்தான், பட்டியல், உருள்பட்டை இவற்றை வரையும் நிரல்களை 64 கிலோபைட் அளவுள்ள நிலை நினைவகத்திலேயே பதித்துக் கொடுத்தது. ஒவ்வொரு மென்பொருளாளரும் பொத்தானைப் புதிதாய் வரைய வேண்டியதில்லை. 1991-இல் விஷுவல் பேசிக்கும் 1995-இல் டெல்ஃபியும் வந்தபின், பொத்தானைச் சுட்டெலியால் இழுத்து வைத்தாலே போதும் என்றாயிற்று. சிறு கடைகளுக்கும் மென்பொருள் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது இதனால்தான்.

அப்படியானால் தமிழுக்கு என்ன தடை? 1991-இல் வந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் பழைய உறுப்புகள் பலவும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. அந்தக் கணக்குக்குள் அடங்காததைக் கேள்விக்குறியாக்கிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதைக் கணினி ககரம், ஒகரக் குறி என இரண்டாகச் சேமிக்கிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று துண்டாக வரைய வேண்டும். ககரத்துக்குப் பின்னால் வரும் குறியின் ஒரு பாதி முன்னால் போய் நிற்க வேண்டும்! இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய் வைக்கத் தெரிந்த பெட்டிக்கு இது எப்படிப் புரியும்? மூன்றாவது, இடம். ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்தில் அடங்குவது தமிழில் 'வேறு பெயரில் சேமி' என்று நீளும். அளவை முன்கூட்டியே அறுதியிட்ட பொத்தானில் பாதிச் சொல் வெட்டுப்படும்.

திறந்த வார்ப்பு

இதற்கு மாற்று வேறொரு வழியில் வந்தது. நார்வே நாட்டார் இருவர் உருவாக்கி 1995-இல் வெளியிட்ட 'கியூட்டி' என்ற உறுப்புத் தொகுப்பைக் கொண்டு, 1996-இல் கே.டி.இ. என்ற மேசைத்தளம் தொடங்கியது. கியூட்டி முழுச் சுதந்திரம் தரவில்லை என்று கருதியோர் 1997-இல் ஜி.டி.கே. தொகுப்பைக் கொண்டு க்னோம் தளத்தைத் தொடங்கினர். 2000-இல் கியூட்டியும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. இவற்றின் மூலநிரலை யாரும் திறந்து திருத்தலாம். சொற்கள் தனிக் கோப்பில் இருப்பதால், உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் இளைஞர்கள் இரவில் கண்விழித்து அவற்றைத் தமிழாக்கினார்கள். சொல் நீண்டால் பொத்தானும் தானே நீளும். எழுத்துத் துண்டுகளை முன்பின் மாற்றிச் சேர்க்கும் வேலையை இன்று பல மென்பொருள்களில் 'ஹார்ஃப்பஸ்' என்ற திறந்த நிரல் செய்கிறது. அதை வளர்த்தவர் இரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். அவர் நிரல் நம் கொம்பையும் காலையும் சரியாகப் பூட்டுகிறது!

இந்த வரலாற்றில் நமது நகருக்கும் பங்குண்டு. எழுத்தை வெட்டச் சொல்லும் கட்டாயம் கணினிக்கு இல்லை என்று வாதாடி, பழைய மலையாள எழுத்தை மீட்க 'ரசனா' இயக்கம் 1999-இல் எழுந்தது. 2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கிற்று. பின்னர்க் கேரள அரசுப் பள்ளிகளும் லினக்ஸுக்கு மாறின.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் தம்பி மகள் சில வருஷம் கழித்துக் கடைக்குப் புது பில் மென்பொருள் செய்து தந்தாள். அவளும் ஆயத்த உறுப்புகளைத்தான் அடுக்கினாள். ஆனால் திறந்த வார்ப்பு. "பெரியப்பா, உங்க கையாலயே தட்டிப் பாருங்க" என்றாள். 'கொப்பரை' முழுசாய் வந்தது. அதை வாசிக்கக் கணக்குப்பிள்ளை அப்போது உயிரோடு இல்லை.

வெளியூரில் பிழைக்க வந்த நம் பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் செய்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கிழவன் சொல்வது ஒன்றுதான். ஆயத்த உறுப்பைத் தாராளமாக எடுங்கள். எடுக்குமுன் அதில் ஒருதடவை 'கொப்பரை' என்று தட்டிப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத ஒரு கணக்குப்பிள்ளை எந்தக் கடையிலாவது உட்கார்ந்திருப்பார்.