தாவோவுக்கு வடசொல் தேடியவர்கள்: காஞ்சியின் தருக்கம் சீனத்தில் கண்ட ஏற்றமும் இறக்கமும்

கி.பி. 647. தாங் பேரரசர் தைசோங்கிடமிருந்து ஓர் ஆணை வந்தது. காமரூபத்து அரசர் பாஸ்கரவர்மன் தாவோ மரபின் மூலவர் லாவோசியின் நூலைக் கேட்டிருக்கிறார். அதை வடமொழியில் பெயர்க்க வேண்டும். பொறுப்பு பௌத்தத் துறவி யுவான் சுவாங்குக்கு. இந்தியாவிலிருந்து திரும்பி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. உதவிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட தாவோ அறிஞர்கள் கூட்டப்பட்டார்கள். ‘தாவோ’ என்ற அந்த ஒரு சொல்லிலேயே வழக்கு தொடங்கிவிட்டது. ‘போதி’ என்று பெயர்க்க வேண்டும் என்றார்கள் தாவோவினர். முடியாது, ‘மார்க்கம்’ என்பதே சரி என்றார் யுவான் சுவாங். தாவோ என்றால் வழி, போதி என்றால் விழிப்பு, இரண்டும் வேறு என்பது அவர் வாதம்.

தாவோவினர் தரப்பில் முன்னணியில் இருந்தவர்களுள் ஒருவர் செங் சுவான்யிங். அவரும் தோழர்களும் தங்கள் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்காட்டியவை நாகார்ச்சுனரின் மத்தியமக நூலும் ஆரியதேவரின் சதசாத்திரமும். பௌத்த நூல்களைக் கொண்டு லாவோசியை விளக்குகிறார்கள் தாவோவினர். அந்த விளக்கம் செல்லாது என்கிறார் பௌத்தத் துறவி. தாவோசுவான் என்ற துறவி இந்த விவாதத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். வடமொழிப் பெயர்ப்பு மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்திய, சீன மெய்யியல்களின் உறவைப் பேசுவோர் பெரும்பாலும் நாகார்ச்சுனரையும் சுவாங்சியையும், சங்கரரையும் சூ சியையும் அருகருகே நிறுத்தி ஒப்பிடுவார்கள். ஒப்பீடு எளிது, ஆனால் அவர்களில் யாரும் ஒருவரை ஒருவர் படித்ததில்லை. உண்மையிலேயே ஒரு நாட்டின் வாதம் இன்னொரு நாட்டின் மொழிக்குள் நுழைந்து, அங்கே இடம்பிடித்து, பிறகு இடமிழந்த ஒரு தடத்தைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். யோகாசாரத்தின் தடம் அது. அதன் ஒரு முனை காஞ்சிபுரத்தில் இருக்கிறது.

647-இல் எழுந்த சச்சரவுக்கு முன்கதை உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் வாங் பி (226–249) என்ற இளைஞர் லாவோசிக்கு உரை எழுதினார். எல்லாப் பொருளுக்கும் அடியில் ‘இன்மை’ (வூ) இருக்கிறது என்பது அவர் கோட்பாடு. பிரஞ்ஞாபாரமிதை நூல்கள் சீனத்தில் பரவத் தொடங்கிய காலத்தில் படித்தவர்கள் கையில் இருந்த கருவி இதுதான். ஆகவே அந்நூல்கள் பேசும் சூனியத்தை ‘மூல இன்மை’ என்று புரிந்துகொண்டார்கள். பௌத்தச் சொல்லுக்கு இணையாகச் சீனச் சொல்லை நிறுத்திக் கற்பிக்கும் முறைக்குக் ‘கேயி’ என்று பெயர். இது பழைய வரலாற்று நூல்கள் சொல்லும் அளவுக்குப் பரவலாக இருந்ததா என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள், இருக்கட்டும். அம்முறை பொருளைத் திரிக்கிறது என்று தாவோ ஆன் (312–385) தம் காலத்திலேயே கண்டுகொண்டார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

நோயை அறிந்தவர் தாவோ ஆன். மருந்தோடு வந்தவர் குமாரஜீவர். குச்சா நாட்டில் பிறந்தவர். தந்தை இந்தியர், தாய் குச்சா அரச குடும்பத்தவர். படைத்தலைவன் ஒருவனிடம் சிறைப்பட்டு லியாங்சோவில் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கழித்தார். 401-இன் இறுதியில் தலைநகர் சாங்கானுக்குக் கொண்டுவரப்பட்டபோது அவருக்குச் சீனம் கைவந்திருந்தது. அந்தச் சிறைவாசம் இல்லாதிருந்தால் அவருடைய மொழிபெயர்ப்புகளுக்கு அவ்வளவு நல்ல ஓசை வாய்த்திருக்குமா என்பது சந்தேகமே. 409-இல் மத்தியமக நூலைச் சீனத்தில் தந்தார். அவருடைய மாணவர் செங்சாவோ, சூனியம் என்பது பொருள்களுக்கு முன்பு இருந்த ஓர் இன்மை அல்ல என்று வாதிட்டார். பொருள்கள் சார்பில் பிறப்பதால் உள்ளவை என்றும் சொல்ல முடியாது, இல்லாதவை என்றும் சொல்ல முடியாது. லாவோசியில் ஊறி வளர்ந்த ஒருவரே வாங் பியின் நிழலிலிருந்து சூனியத்தை மீட்டார். பின்னர் ஜிட்சாங் (549–623) இதைத் தனிப் பள்ளியாகவே வளர்த்தார். மத்தியமகம் ஏதோ ஒரு வகையில் சீன உடம்பில் செரித்துவிட்டது. இல்லையென்றால் 647-இல் தாவோவினர் நாகார்ச்சுனரைச் சான்றுக்கு அழைத்திருக்க மாட்டார்கள்.

யோகாசாரம் அப்படிச் செரிக்கவில்லை. அசங்கரும் வசுபந்துவும் வகுத்த இக்கோட்பாட்டில் மனத்துக்கு எட்டு அடுக்குகள். அடியில் இருப்பது ஆலய விஞ்ஞானம். செய்த வினைகளெல்லாம் வித்துகளாக அங்கே கிடக்கும், பிறகு உலகமாக முளைக்கும். 546-இல் கடல்வழியே வந்த உச்சயினிப் பரமார்த்தர் இவற்றுக்கு மேல் ஒன்பதாவதாக மாசற்ற விஞ்ஞானம் ஒன்றையும் சேர்த்துக் கற்பித்தார். வேறு சில ஆசிரியர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். எது மூலநூலின் கருத்து? இந்தக் குழப்பம்தான் யுவான் சுவாங்கை நாட்டைவிட்டுப் புறப்படச் செய்தது.

நாளந்தாவில் அவருக்கு யோகாசாரம் கற்பித்தவர் முதியவரான சீலபத்திரர். சீலபத்திரருக்கு ஆசிரியர் தருமபாலர், காஞ்சிபுரத்து அமைச்சர் ஒருவரின் மகன். (பாலி உரையாசிரியர் தருமபாலரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) அரசன் மகளை மணக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு புத்தர் சிலைமுன் அழுது வேண்டினார் என்றும், தெய்வம் ஒன்று அவரைத் தூக்கிச் சென்று தொலைவில் ஒரு மடத்தில் விட்டது என்றும் யுவான் சுவாங் எழுதுகிறார். இக்கதையை அவர் காஞ்சியைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே பதிவு செய்கிறார். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்கள், பதினாயிரம் துறவிகள் என்பது அவர் தரும் கணக்கு. இலங்கைக்குக் கடல் கடக்க எண்ணியிருந்தவர், அங்கே பஞ்சமும் கலகமும் என்று கேட்டுத் திரும்பிவிட்டார்.

தருமபாலருக்கு முன்பே தருக்கத்தை மாற்றி அமைத்த திக்நாகரையும் திபெத்திய மரபு காஞ்சி வட்டாரத்தவர் என்றே சொல்கிறது. அறிவுக்கு எத்தனை பகுதிகள் என்பதில் யோகாசாரிகள் பிரிந்த விதத்தைச் சீன மாணவர்கள் எண்ணிக்கையாகவே மனப்பாடம் செய்வார்கள்: ஸ்திரமதிக்கு ஒன்று, நந்தருக்கு இரண்டு, திக்நாகருக்கு மூன்று, தருமபாலருக்கு நான்கு. மரக்காலால் நெல் அளப்பதாக வைத்துக்கொள்வோம். அளக்கப்படும் நெல் ஒன்று, அளக்கும் மரக்கால் ஒன்று. இவ்வளவு என்று தெரிந்துகொள்வது மூன்றாவது. திக்நாகர் இதோடு நிறுத்தினார். தெரிந்துகொண்டதைத் தெரிந்துகொள்வது எது என்று மேலும் ஒரு கேள்வி கேட்டார் தருமபாலர். நான்காவதற்கு ஐந்தாவது வேண்டாமா என்றால், மூன்றும் நான்கும் ஒன்றுக்கொன்று சாட்சி என்பது விடை. பிடிவாதமான விடைதான், ஆனால் தொடரை எங்கே நிறுத்துவது என்பதில் அவர் காட்டும் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

645-இல் யுவான் சுவாங் கொண்டுவந்த நூல்கள் 657. பத்தொன்பது ஆண்டுகளில் பெயர்த்தவை எழுபத்தைந்து நூல்கள், 1,335 சுருள்கள். இவற்றுள் 659-இன் ‘செங் வெய்ஷி லுன்’ தனி வகை. வசுபந்துவின் முப்பது செய்யுளுக்கு இருந்த பத்து உரைகளையும் தனித்தனியே பெயர்க்க எண்ணியிருந்தார். மாணவர் குய்ஜி (632–682) அவற்றை ஒன்றாக்கி, கருத்து மாறுபடும் இடங்களில் தருமபாலரையே முடிவாகக் கொள்ளும்படி ஆசிரியரை இசைய வைத்தார். விளைவு வினோதமானது. தருமபாலரின் வடமொழி நூல்களில் ஒன்றுகூட இன்று இல்லை. காஞ்சியில் பிறந்த ஒருவரைப் படிக்கச் சீனம் கற்றாக வேண்டும். ஸ்திரமதியின் உரை வடமொழியில் நேபாளத்தில் கிடைத்து, சில்வன் லெவி அதை 1925-இல் பதிப்பித்த பிறகே ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

தருக்க நூல்களும் போயின. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் 647-இலும், திக்நாகரின் நியாயமுகம் 649-இலும் சீனமாயின. தமிழில் மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் கேட்கும் அளவை இலக்கணம், போலிகளின் பெயரும் வரிசையும் உட்பட, நியாயப்பிரவேசத்தோடு நெருங்கிப் பொருந்துகிறது. எது எதற்கு முந்தியது என்ற விவாதம் நூறாண்டுப் பழையது. ஒரே பாடத்திட்டம் காவியமாகவும் சுருளாகவும் இரண்டு திசையில் சென்றது என்பதில் ஐயமில்லை.

சாங்கானில் அந்தப் பாடம் ஏன் நிலைக்கவில்லை? சீன மனம் நுண்பகுப்பை விரும்பாது என்ற பழைய விடையை என்னால் ஏற்க முடியவில்லை. பழஞ்சீனச் சிந்தனையாளரான பின்கால மோசியர் எழுதிய தருக்கப் பகுதிகளைப் படித்தவர் யாரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். நாளந்தாவில் தருக்கம் ஓர் ஆயுதம்: எதிரே நையாயிகரும் சாங்கியரும் சமணரும் நின்றார்கள், அரசவையில் தோற்றவர் மானமும் மானியமும் இழந்தார். சாங்கானில் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டு எதிர்வாதம் செய்ய யாரும் இல்லை. 655-இல் லூ சாய் என்ற அரசவை அறிஞர், துறவியல்லாதவர், தருக்க உரைகளில் பிழைகளைச் சுட்டி எழுதினார். அந்த ஒரு முறைதான் வெளியாள் ஒருவர் களத்தில் இறங்கினார். மடத்தார் அவரை அடக்கினார்களே தவிர, தொடர்ந்து பேச விரும்பவில்லை. திக்நாகருக்குப் பின் தருக்கத்தைப் புதுப்பித்த தருமகீர்த்தியின் நூல்கள் அக்காலத்தில் சீனத்துக்கு வரவே இல்லை. தருக்கம் உரை எழுதும் துணைக்கருவியாகச் சுருங்கியது.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. உயிர்கள் ஐந்து கோத்திரம், அவற்றுள் ஒரு கோத்திரத்தாருக்குப் புத்தநிலை ஒருபோதும் இல்லை என்பது யோகாசாரப் பள்ளியின் கொள்கை. யாவரும் யாவோ, ஷுன் போன்ற முனிவேந்தர் ஆகலாம் என்ற கன்பூசிய அறிஞர் மெங்சியின் எண்ணம் வேரோடியிருந்த நாடு அது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே தாவோஷெங், விலக்கப்பட்டவருக்கும் புத்தநிலை உண்டு என்று சொல்லிச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். நிருவாண சூத்திரத்தின் முழு மொழிபெயர்ப்பு வந்தபோது அவர் சொன்னதே அதில் இருந்தது. அந்த வெற்றியைச் சீன பௌத்தர் கைவிட ஆயத்தமாக இல்லை. ஃபாட்சாங்கின் (643–712) ஹுவாயென் பள்ளி மேலே எழுந்தது, யோகாசாரம் கீழே இறங்கியது. 845-இல் பேரரசர் வூசோங் மடங்களை ஒடுக்கியபோது நூல்சார்ந்த பள்ளிகளே கடும் அடிபட்டன. குய்ஜியின் பேருரை காலப்போக்கில் சீனத்திலிருந்தே காணாமல் போனது. மிங் காலத்தவர் அந்த உரை இல்லாமலே ‘செங் வெய்ஷி லுன்’னைப் படித்துத் திணறினார்கள்.

உரை ஜப்பானில் இருந்தது. யுவான் சுவாங்கிடமே படித்த தோஷோ (629–700) தொடங்கிய ஹொஸ்ஸோ மரபு நாராவில் அதைக் காத்தது. நான்ஜிங்கில் 1866-இல் நூற்பதிப்பகம் தொடங்கியிருந்த யாங் வென்ஹுயி (1837–1911), பின்னர் தூதரகப் பணியில் லண்டன் சென்றபோது, மாக்ஸ் முல்லரிடம் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜப்பானியத் துறவி நான்ஜோ புன்யூவைச் சந்தித்தார். அந்த நட்பின் வழியே தொலைந்த நூல்கள் நான்ஜிங்குக்குத் திரும்பி அச்சேறின. மேலைத் தருக்கத்துக்கு முன்னே தலைகுனிந்து நின்ற ஒரு தலைமுறைக்கு, தங்கள் மொழியிலேயே இப்படிப்பட்ட பகுப்பு இருந்திருக்கிறது என்பது புதுத்தெம்பு தந்தது.

அவர்களுள் ஒருவர் சாங் தையன். மஞ்சு ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காக ஷாங்காயில் 1903 முதல் 1906 வரை சிறையில் இருந்தவர், அங்கே யோகாசார நூல்களைப் படித்தார். 1910-இல் சுவாங்சியின் இரண்டாம் இயலுக்கு அவர் எழுதிய விளக்கம் வெளிவந்தது. ஆலய விஞ்ஞானம், வித்து, அறிவின் பகுதிகள் என்று யுவான் சுவாங் ஆக்கிய சொற்களையே கொண்டு, தாவோ மரபின் மிகக் கடினமான பகுதியை அவர் வரிவரியாக விளக்கினார். 647-இல் செங் சுவான்யிங் கேட்டு மறுக்கப்பட்டது ஏறத்தாழ இதைத்தான்.