மலை ஏறாத மலைச் சைக்கிள்

எனக்குத் தெரிந்து திருநெல்வேலியில் மலைச் சைக்கிள் வைத்திருக்கிற பெரும்பாலோர் அதை மலையில் ஓட்டியதே இல்லை. நானும் அதில் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாளையங்கோட்டையிலிருந்து ஏழெட்டுப் பேராகக் கிளம்புவோம். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே பொதிகை நீலமாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம், ஏற முடியாது. களக்காடு, முண்டந்துறை என்று தனித்தனியாக இருந்த இரண்டு சரணாலயங்களும் 1988இல் ஒரே புலிகள் காப்பகமாயின. பொழுதுபோக்குக்கு சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அங்கே வேலையில்லை. அது நியாயம்தான்.

அதனால் நாங்கள் ஓட்டுவதெல்லாம் வாய்க்கால் கரை, குளத்தங்கரை, ஆற்றோரத்து ஒற்றையடிப் பாதை. மேடு பள்ளம், கல், மணல், உடைமுள் எல்லாமே உண்டு. ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஒட்டிய நாளும் உண்டு. இப்படியே நாலைந்து வருஷம் சுற்றிய பிறகுதான், என் சக்கரத்துக்குக் கீழே கிடக்கிற இந்தப் பாதையை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றியது.

*

முதலில் வண்டியின் கதை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டி என்று ஒரு பகுதி. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர் 1930களில் செய்யப்பட்ட கனமான ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, மலை உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கீழே விட்டார்கள். 1976 அக்டோபர் 21ஆம் தேதி அதையே ஒரு பந்தயமாக நடத்தினார்கள். அந்த இறக்கத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வைத்தார்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்த வண்டிகளில் இருந்தது. ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பெயர் வந்த கதை அவ்வளவுதான். மறு வருஷம் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனி பிரேம் செய்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ரீபேக் பந்தயம் நடந்தது காட்டுத்தீயை அணைக்கப் போட்ட மண் சாலையில். சைக்கிளுக்காக அங்கே யாரும் ஒரு கூடை மண்கூட வெட்டவில்லை. பிறகு நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் சண்டைக்கு வர, அந்த வட்டாரத்தின் பல குறுகிய பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. வேறு யாரோ வேறு வேலைக்குப் போட்ட பாதையை இரவல் வாங்கி ஓடுவது இந்த விளையாட்டின் பிறவிக் குணம்.

*

நம்மூருக்கு இந்த வண்டி வந்த விதம் வேறு. சென்னை அம்பத்தூரின் டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி 1949இல் தொடங்கியது. அதன் ஹெர்குலஸ், பிஎஸ்ஏ வண்டிகளும் வடக்கேயிருந்து வந்த அட்லஸ், ஹீரோ வண்டிகளும்தான் தாமிரபரணிக் கரையின் சுமைதாங்கிகள். அரிசி மூட்டை, தென்னங்கீற்று, பால் கேன், முன்கம்பியில் ஒரு பிள்ளை, பின்னால் கேரியரில் மனைவி, எல்லாம் அந்தக் கறுப்பு சைக்கிளில்தான் போயிற்று. பிள்ளைகள் வாடகைக் கடையில் மணிக்கணக்குக்கு எடுத்து, கம்பிக்கு நடுவே காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்துப் பழகினார்கள்.

1990களில் 'ரேஞ்சர்' வந்தது. நேரான ஹேண்டில்பார், தடித்த டயர், பிரேமில் பளபளப்பான ஸ்டிக்கர். பல வண்டிகளில் எம்டிபி என்று எழுதியிருக்கும், கியர் இருக்காது. மலை சைக்கிளின் தோற்றம் முதலில் வந்தது, உள்ளே இருக்கிற இயந்திரம் அப்புறம்தான் வந்தது. கியரும் டிஸ்க் பிரேக்கும் சாதாரண சம்பளக்காரர்களின் கைக்கு எட்ட இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் அரசின் விலையில்லா சைக்கிளில் ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் போய் வந்துவிட்டது.

இப்போது ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு கரையில் ஏறும்போது எனக்கு அந்தப் பால்காரர்கள் ஞாபகம் வரும். சஸ்பென்ஷன் கிடையாது, கம்பி பிரேக், இரண்டு பக்கமும் கேன். அதே கரையில் இருட்டோடு இருட்டாக ஒரு சொட்டு சிந்தாமல் போனவர்கள். அமெச்சூர் என்றால் பிரியத்துக்காகச் செய்கிறவன் என்று அர்த்தம் சொல்வார்கள். பிரியத்துக்காகச் செய்யும் வசதி தனக்கு வாய்த்தவன் என்பதும் அதற்குள் இருக்கிறது.

*

இனி கரை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்வது வரை சுமார் 125 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள், பதினோரு கால்வாய்கள், அவற்றின் கடையில் வரிசையாகக் குளங்கள். பாசனப் பரப்பு சுமார் 86,000 ஏக்கர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழு அணைக்கட்டுகள் வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டியது. பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய். எங்களுடைய ஞாயிற்றுக்கிழமை வரைபடம் முழுக்க இந்தப் பெயர்கள்தான்.

மண் கரை தானாக நிற்காது. வருஷா வருஷம் தூர்வார வேண்டும், அரித்த இடத்தில் மண் போட வேண்டும். ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்த இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் சென்னை மாகாண அரசு இதற்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரார் வந்து வேலை செய்தே ஆக வேண்டும். ஊர் ஒற்றுமை என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் நிலம் உள்ளவனும் இல்லாதவனும் அதில் ஒரே அளவு மண் சுமந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. யார் வயலுக்குத் தண்ணீர் போயிற்று, யார் தலையில் கூடை இருந்தது என்பது தனித்தனிக் கேள்விகள்.

ஒரு மழைக்கு மறுநாள் முன்னீர்பள்ளம் பக்கம் குளத்தங்கரையில் போய்க்கொண்டிருந்தோம். மண்வெட்டியோடு வந்த ஒரு பெரியவர் நிறுத்தினார்.

"எய்யா, சைக்கிள் ஓட்டுதிய, சரி. ஈரக் கரையில எதுக்கு ஓட்டுதிய?"

"ஏன் தாத்தா?"

"சக்கரம் போன தடத்துலதான தண்ணி ஓடும். தண்ணி ஓடுன தடத்துலதான கரை உடையும்."

அவ்வளவுதான் சொன்னார். தடித்த டயர் ஈர மண்ணில் நீளவாக்கில் ஒரு கோடு கிழிக்கிறது. அடுத்த மழையில் அந்தக் கோடு ஓடையாகிறது. பல வண்டிகள் ஒரே தடத்தில் போனால் ஓடை ஆழமாகும். சரிவு வந்ததும் அது வெளிப்பக்கமாக அறுத்துக்கொண்டு இறங்கும். அவர் சொன்னதற்கு மேல் இதில் சேர்க்க எதுவும் இல்லை. அன்றிலிருந்து மழை பெய்து ஒரு வாரம் எங்கள் குழு கரை ஏறுவதில்லை. சித்திரை, வைகாசியில் கால்வாயில் தண்ணீர் அடைத்து மண் இறுகிக் கிடக்கும் நாட்கள்தான் எங்களுக்குச் சீசன். காரும் பிசானமும் நடக்கிற மாதங்களில் கரை விவசாயிகளுடையது.

*

மலைக்கு வருவோம். மணிமுத்தாறு அணைக்கு மேலே வளைந்து வளைந்து ஏறுகிற மாஞ்சோலை ரோட்டைப் பற்றிப் பேசாத சைக்கிள்காரன் இங்கே கிடையாது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. எங்கள் கனவுப் பாதை அது. அந்தப் பாதைக்கும் ஒரு காரணம் உண்டு. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. காட்டை அழித்து, தேயிலை நட்டு, ரோடு போட்டு, அட்டைக்கடியில் கொழுந்து பறித்தவர்கள் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன கூலிக் குடும்பங்கள். பெரும்பாலும் தலித் மக்கள்.

கூலி உயர்வும் சிறையில் இருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23ஆம் தேதி அவர்கள் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தார்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஓடியவர்களுக்கு ஆறுதான் மிச்சம் இருந்தது. 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. தாசில்தார் அலுவலகமோ சினிமா தியேட்டரோ, எங்கே போவதாக இருந்தாலும் ஊரே கடக்கிற பாலம். நாங்களும் வாரா வாரம் கடக்கிறோம். பாலத்தைக் கட்டப் பணம் கொடுத்தவர் பெயர் அதிலேயே இருக்கிறது. மலை ரோட்டைப் போட்டவர்களின் பெயர் எந்த மைல் கல்லிலும் இல்லை.

குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், கம்பெனி தோட்ட வேலையை நிறுத்தியது. நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. காடு மறுபடி காடாவதை நான் எதிர்க்கவில்லை. தாமிரபரணிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது, குளமும் கரையும் அதனால்தான் இருக்கின்றன. ஆனால் நாளைக்கே சூழல் சுற்றுலா என்று ஒரு பலகை வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, என்னை மாதிரி ஆட்களுக்கு மட்டும் அந்தக் கேட் திறந்தால் என்ன செய்வது? குழுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "கிடைச்சா போவ வேண்டியதுதான" என்றார் ஒருவர். அந்த ஏற்றத்தின் மேல் எனக்கும் அவருக்கு இருக்கிற அதே ஆசை உண்டு. ஆனாலும் அங்கே பிறந்தவர்கள் தங்கள் கோயிலுக்கும் கல்லறைக்கும் அனுமதிக் கடிதம் இல்லாமல் போய்வர முடிகிற நாள் முதலில் வரட்டும் என்றேன்.

அதுவரை எனக்கு பாளையங்கால்வாய்க் கரை போதும், காய்ந்து கிடக்கும் நாட்களில் மட்டும்.