அறுந்த நூலும் வீடு திரும்பும் விமானமும்

வடமராட்சியில் வாடைக்காற்றுக் காலத்தில் பட்டம் ஏற்றிய எவருக்கும் நூல் அறுந்த கணம் மறந்திருக்காது. விண் கூவிக்கொண்டிருந்த பட்டம் திடீரெனத் தலைசாய்ந்து, நெல்லியடிப் பனைகளுக்கு மேலாக வல்லைவெளிப் பக்கம் போய்விடும். பின்னால் ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. வானொலி அலையால் இயக்கப்படும் விமானத்துக்கும் ஒரு நூல் உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. அது அறுந்தால் விமானம் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி பழையது.

1956 ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவின் பொயின்ற் முகு கடற்படைத் தளத்திலிருந்து ஆளில்லாத ஹெல்கற் விமானம் ஒன்று, ஏவுகணைச் சோதனைக்கான இலக்காகப் புறப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழைய போர்விமானம் அது. மேலெழுந்த சிறிது நேரத்தில் கட்டளைகளுக்குக் கீழ்ப்படியாமல் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் திரும்பிவிட்டது. விமானப்படையின் இரண்டு ஜெற் விமானங்கள் துரத்திச்சென்று 208 ரொக்கெற்றுகளை ஏவின. ஒன்றுகூடப் படவில்லை. தரையில் விழுந்த ரொக்கெற்றுகளால் 1,000 ஏக்கருக்கு மேல் தீப்பற்றியது. பாம்டேல் ஊரில் வீடுகளும் சேதமடைந்தன. எவரும் இறக்கவில்லை என்பதே அதிசயம். ஹெல்கற்றோ எரிபொருள் தீர்ந்து பாலைவனத்தில் தானாக விழுந்தது. துரத்தப்பட்டதைவிடத் துரத்தியவர்கள் விளைவித்த சேதமே பெரிது.

பொழுதுபோக்காக மாதிரி விமானம் பறப்பவர்களுக்கும் இதே சிக்கல் சிறிய அளவில் இருந்தது. 1980களில் வந்த புதிய வகை வாங்கிகள் இரண்டு வழிகளைக் கொடுத்தன. சமிக்ஞை நின்றால் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது முன்கூட்டியே குறித்த நிலைக்குப் போகலாம். முதலாவது ஆபத்தானது. முழுவேகத்தில் போகும்போது தொடர்பு அறுந்தால் அதே வேகத்தில் ஊர்தாண்டிப் போய்விடும். ஆகவே அனுபவசாலிகள் எஞ்சினைத் தணித்து, சுக்கானைச் சற்றே திருப்பி வைப்பார்கள். விமானம் வட்டமிட்டபடி அருகிலேயே இறங்கும். உடைந்தாலும் பிறர் தலையில் விழுவதற்கான வாய்ப்புக் குறைவு. பறக்கவிடுமுன் தரையில் வைத்து, சுழலியைக் கழற்றிவிட்டு, கையிலுள்ள கருவியை அணைத்துப் பார்ப்பது அவர்களது வழக்கம்.

நாங்கள் அந்தக் காலத்தில் இதையெல்லாம் அறியும் நிலையில் இல்லை. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்குச் சாதாரண பற்றரி கொண்டுவரவே தடை. ஆளில்லா விமானம் என்பது எங்களுக்குத் தலைக்கு மேலே இரைந்த வேவு விமானம்தான். 1996இல் இலங்கை விமானப்படை அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. வன்னி மக்கள் அதை 'வண்டு' என்றார்கள். அது பத்திரமாக வீடு திரும்பவேண்டுமென்று கீழே நின்ற எவரும் பிரார்த்தித்திருக்கமாட்டார்கள்.

2000 மே மாதம் அமெரிக்கா ஜீ.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியபின், சிறு விமானங்களுக்கும் தம் இருப்பிடம் திருத்தமாகத் தெரியலாயிற்று. விழுந்துவிடு என்ற கட்டளை திரும்பி வா என்று மாறியது. அதுவும் எப்போதும் பலிப்பதில்லை. 2010 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ஃபயர் ஸ்கவுட் ஹெலிகொப்டர் தொடர்பை இழந்தது. மென்பொருட் கோளாறினால் திரும்பிவராமல் வொஷிங்டனைச் சூழ்ந்த தடைசெய்யப்பட்ட வான்வெளிக்குள் நுழைந்தது.

2013இல் சந்தைக்கு வந்த பான்டம் ட்ரோன், தொடர்பு அறுந்தால் 20 மீற்றர் உயரத்துக்கு எழும்பி, பின்னர் நேர்கோட்டில் திரும்பும். எங்கள் பனை 30 மீற்றர்வரை வளரும். பின்னாளில் வந்தவற்றில் அந்த உயரத்தை நாமே குறிக்கலாம். 'வீடு' என்று இயந்திரம் எண்ணுவது புறப்பட்ட இடத்தைத்தான். உரிமையாளர் இடம்பெயர்ந்தது அதற்குத் தெரியாது. படகிலிருந்து ஏற்றியவர்கள் இதனால் ட்ரோனைக் கடலில் விட்டிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் நெல்லியடியில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் படப்பிடிப்பாளர் ஒருவர் ட்ரோன் கொண்டுவந்தார்.

"தம்பி, திரும்பிவாற உயரம் எவ்வளவு வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு, ஐயா."

வேலியோரப் பனையையும் அதற்கப்பால் தெரிந்த தொலைபேசிக் கோபுரத்தையும் காட்டினேன். ஒருமுறை அண்ணாந்து பார்த்தவர், ஒன்றும் பேசாமல் எண்ணை மாற்றத் தொடங்கினார்.