நெடுங்கடற் படகுகளிற் துணையியந்திரம்: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பழுதுகளின் வரலாறும் அதனையொத்த முக்கியத்துவம் உடையது. நெடுந்தூரம் கடலோடும் இயந்திரப் படகொன்றுக்குரிய பிரதான இயந்திரம் எது, நடுக்கடலில் அது நின்றுவிடின் கைகொடுக்கும் துணைச்சக்தி எது என்னும் வினாவை இந்நோக்கில் அணுகலாம்.

1819 இல் அத்திலாந்திக்கைக் கடந்த 'சவன்னா' அடிப்படையிற் பாய்க்கப்பலே. பயணத்தின் மிகச் சிறு பகுதியிலேயே அதன் நீராவி இயந்திரம் இயங்கியது. 1838 இல் 'கிரேட் வெஸ்ரேண்' நீராவியின் வலுவாற் கடந்தபோது இவ்வுறவு தலைகீழாயிற்று. இயந்திரம் பிரதானமாகப் பாய் துணையாயிற்று. இத்துணைக்குச் சிறப்பொன்று இருந்தது. நிலக்கரி, கொதிகலன், தண்டு ஆகிய எதனையும் அது பிரதான இயந்திரத்துடன் பகிர்ந்துகொள்ளவில்லை.

1880களின் இறுதியில் இரு இயந்திரங்களும் இரு விசிறிகளுங் கொண்ட பெரும் பயணிகள் கப்பல்கள் தோன்றின. ஒன்று பழுதுறின் மற்றது இயங்கும் என்ற நம்பிக்கையிற் பாய்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. ஆயின் 1890 மார்ச்சில் 'சிற்றி ஒவ் பாரிஸ்' கப்பலின் வலப்புறத் தண்டு முறிந்தது. சுமையிழந்த இயந்திரம் கட்டுமீறிச் சுழன்று சிதறிற்று. சிதறிய துண்டுகள் இடைச்சுவரைத் துளைத்தமையால் இரு இயந்திர அறைகளிலும் நீர் புகுந்தது. கப்பல் மூழ்கவில்லையாயினும் இரண்டாவது இயந்திரம் பயன்படவில்லை. இயந்திரங்களின் எண்ணிக்கையன்று, அவற்றின் சார்பின்மையே பாதுகாப்பளிப்பது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

சிறு படகுகளின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. 1902 இல் 38 அடி நீளமான 'ஏபியல் அபொற் லோ' மண்ணெண்ணெய் இயந்திரத்துடன் நியூயோர்க்கிலிருந்து இங்கிலாந்தை அடைந்தது. வழியில் எரிபொருட் கலங்கள் கசிந்து மண்ணெண்ணெய் படகினுட் பரவிற்று. இயந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், அதன் உயிர்நாடி எரிபொருளே என்பது இதனாற் தெளிவாகும்.

1912 இல் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசல் இயந்திரத்தின் கடற் தகுதியை நிலைநாட்டியது. அதன்பின் சிறு படகுகளிலும் டீசல் படிப்படியாக இடம்பெற்றது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையிற் பணியாற்றிய ரொபேட் பீபி வடிவமைத்த 50 அடிப் படகு 'பாசேஜ்மேக்கர்', 1963 இற் சிங்கப்பூரிற் கட்டப்பட்டுக் கிரேக்கம்வரை சென்றது. மெதுவாக இயங்கும் ஒற்றை டீசல் இயந்திரமும், இடர்வேளைக்குப் பாயும் என்பதே அவர் தெரிவு.

பாய்க்குப் பதிலாகச் சிறு டீசல் இயந்திரமொன்றை அமைக்கும் வழக்கமும் பின்னர் பரவியது. தனித் தண்டு, மடங்கும் விசிறி, தனி எரிபொருட் கலம், தனி மின்கலம் ஆகியன அதற்கு வேண்டும். ஒரே கலத்திலுள்ள அழுக்குநீர் இரு இயந்திரங்களையும் ஒருங்கே நிறுத்திவிடும். மின்பிறப்பாக்கியின் வலுவைப் பிரதான தண்டுக்குச் செலுத்தும் முறையில், அத்தண்டில் வலையோ கயிறோ சிக்கினாற் பயனில்லை. துணையியந்திரம் பெரிதாயிருக்க வேண்டுவதுமில்லை. வேகத்தின் மும்மடிக்கு ஏற்பத் தேவையான வலு உயருமாதலால், மணிக்கு 8 கடல்மைல் செல்ல 80 பரிவலு வேண்டும் படகு, அமைதியான கடலில் 4 கடல்மைல் செல்ல ஏறத்தாழ 10 பரிவலு போதும். எதிர்க்காற்றுக்காகச் சற்றுக் கூட்டிக்கொள்ளல் தகும்.

இங்கு இன்னொரு பிரச்சினை எழுகின்றது. பழைய டீசல் இயந்திரத்தைச் சாதாரணக் கருவிகளுடன் கடலோடியே திருத்தக்கூடியதாயிருந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்றைய இயந்திரம் எரிபொருளைச் சிக்கனப்படுத்துகின்றது, புகையைக் குறைக்கின்றது. ஆயின் அதன் பழுதறியும் அறிவு பெரிதும் உற்பத்தியாளரிடமும் அவரது முகவரிடமுமே தங்கியுள்ளது. கரையில் இது செலவுப் பிரச்சினை. கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் இது உயிர்ப் பிரச்சினை.

எனவே இயந்திரத் தெரிவு வெறும் வலுக்கணக்கன்று. இயக்குபவன் தன் கையாற் திருத்தக்கூடிய பிரதான இயந்திரமும், அதனோடு எதனையும் பகிராததும் ஒழுங்காக இயக்கிப் பேணப்படுவதுமான துணையியந்திரமுமே நம்பகமானவை. தொழில்நுட்ப அறிவு உழைப்பவனின் கையிலிருந்து விலகும்போது, அவ்விலகலின் விலையை இறுதியிற் செலுத்துபவன் கடலில் நிற்பவனே.