உடல் நிறையும் உறுதுணையும்

உணவு போதாமையால் மனிதகுலம் அடைந்த துன்பங்களை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. உணவு மிகுந்தமையால் அது அடைந்த துன்பத்தைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. பஞ்சம் வந்தால் ஊர் முழுவதும் அறியும். ஒருவருடைய உடல் அளவுக்கு மீறிப் பருத்து அவர் வருந்துவதோ வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் மனத்துக்குள்ளே, மறைந்து நிகழ்வது. அதனாலேதான் இத்துன்பத்துக்கு வழி தேடியவர்களின் கதையும் பலர் அறியாத கதையாகவே இருந்துவிட்டது. அக்கதையிலே வரும் இருவரை இன்று உங்களுக்கு அறிமுகஞ்செய்ய விரும்புகின்றேன். ஒருவர் இலண்டன் மாநகரில் ஈமச் சடங்குகளை ஒழுங்கு செய்யுந் தொழில் புரிந்தவர். மற்றவர் நியூயோர்க் நகரில் இரண்டு ஆண்மக்களை வளர்த்த ஓர் இல்லத்தரசி. இருவரும் மருத்துவம் கற்றவர்கள் அல்லர்.

அளவறிந்து உண்ணவேண்டும் என்பது நமக்குப் புதிய அறிவுரையன்று. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் இதனையே வற்புறுத்துகின்றார். முன் உண்டது செரித்தமை அறிந்து, அளவோடு உண்பதே உடலுக்கு நலம் என்பது அவ்வதிகாரத்தின் சாரம். அறிவுரை இவ்வளவு பழையதாயிருந்தும், அதன்படி நடத்தல் ஏன் இவ்வளவு அரிதாயிருக்கின்றது? இக்கேள்வியை மனத்திற்கொண்டு நாம் இலண்டனுக்குச் செல்வோம்.

வில்லியம் பாண்டிங் என்பார் 1796ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவருடைய குடும்ப நிறுவனம் இங்கிலாந்தின் அரச குடும்பத்தினருக்கே ஈமச் சடங்குகளை நடத்தி வைத்த பெருமையுடையது. 1852இல் வெலிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலமும் 1861இல் விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேட் இளவரசரின் இறுதிச் சடங்கும் அந்நிறுவனத்தின் பொறுப்பிலேயே நடைபெற்றன. இத்துணைச் சிறப்புடன் வாழ்ந்தவருக்கு ஒரு தீராக்குறை இருந்தது. ஐந்தடி ஐந்தங்குல உயரமேயுள்ள அவர், 1862ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 202 இறாத்தல் நிறையுடையவராயிருந்தார். குனிந்து தம் சப்பாத்தின் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. மாடிப்படிகளில் இறங்கும்போது முழங்கால்கள் நோவாதிருக்கும் பொருட்டுப் பின்புறமாகவே இறங்கவேண்டியிருந்தது.

அவர் முயலாதவரல்லர். வைத்தியர்கள் சொல்லியவற்றையெல்லாம் செய்தார். நாள்தோறும் அதிகாலையில் இரண்டு மணி நேரம் ஆற்றிலே படகு வலித்தார். உடல் உரம் பெற்றது உண்மை. ஆனால் அதனினும் பெரிதாகப் பசி பெருகிற்று. பசிக்கு உண்டார், நிறையும் கூடிற்று. வெந்நீராவிக் குளியலையும் மருந்துகளையும் நாடினார்; பயன் சிறிதே. இறுதியிலே காது மந்தமாகிவிட்டதென்று வில்லியம் ஹார்வி என்னும் காது வைத்தியரிடஞ் சென்றார். பாரிஸ் நகரிலே குளோட் பேர்னாட் என்னும் அறிஞர், ஈரலுக்கும் சர்க்கரைக்குமுள்ள தொடர்பைப் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டு வந்தவர் ஹார்வி. அவர் பாணையும் வெண்ணெயையும் பாலையும் சீனியையும் பியரையும் உருளைக்கிழங்கையும் விலக்குமாறும், இறைச்சி, மீன், காய்கறி, சிறிதளவு பழம் ஆகியவற்றைக் கொள்ளுமாறும் பணித்தார். ஓராண்டிற் பாண்டிங்கின் நிறை 46 இறாத்தல் குறைந்து 156 ஆயிற்று. இடையளவு 12 அங்குலத்துக்கு மேற் சுருங்கிற்று.

தாம் பெற்ற நலத்தைப் பிறரும் பெறவேண்டுமென எண்ணிய பாண்டிங், 1863இல் தம் அனுபவத்தை ஒரு சிறு பிரசுரமாக எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மருத்துவ உலகிலே பலர் அதனை எள்ளினர். மக்களோ விரும்பி ஏற்றனர். 'பாண்டிங்' என்ற அவர் பெயரே உணவைக் குறைத்து மெலிதல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. சுவீடன் நாட்டு மொழியில் அச்சொல் 'பாண்டா' என்னும் வடிவில் இன்றும் வழங்குகின்றது. பாண்டிங் 1878இல், தமது 81ஆம் வயதிற் காலமானார்.

இக்கதையில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. பாண்டிங் தம் உடலைச் சீர்செய்தபோது தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். மக்கள் வளர்ந்துவிட்டனர். வசதிக்குக் குறைவில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு உணவு கட்டிக்கொடுக்கும் அவசரமோ, நள்ளிரவில் அழுங் குழந்தையைத் தேற்றும் பொறுப்போ அவருக்கில்லை. எதனை உண்ணவேண்டும் என்ற அறிவு அவருக்குப் போதுமானதாயிருந்தது. தம் நேரம் தமக்குரியதாயிராத தாய் தந்தையருக்கு அவ்வறிவு மாத்திரம் போதுமா?

போதாது என்பதனை அடுத்த நூற்றாண்டு காட்டிற்று. 1959ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் அல்பேட் ஸ்டங்கார்ட் என்பவர், ஒரு துணையாசிரியருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். உடற்பருமனுக்குச் சிகிச்சை பெற வந்த 100 பேரை அவர் தொடர்ந்து கவனித்தார். அவர்களுள் 12 பேர் மாத்திரமே 20 இறாத்தல் அளவு நிறை குறைந்தனர். ஈராண்டுகள் கழிந்தபின் பார்த்தபோது, குறைத்த நிறையைக் காத்துக்கொண்டோர் இருவரே. நூற்றுக்கு இருவர்! அந்த 100 பேருக்கும் உணவுப் பட்டியல் கொடுக்கப்பட்டிருந்தது. வைத்தியர் அறிவுரையும் கிடைத்திருந்தது. எனினும் பயன் நிலைக்கவில்லை.

இதற்குக் காரணம் மனவுறுதியின்மை என்று கூறிவிடுதல் எளிது, அது நீதியாகாது. நிறை குறைந்த உடல் முன்னிலும் குறைந்த சக்தியையே செலவிடுகின்றது; பசியையோ முன்னிலும் மிகுவிக்கின்றது. இழந்ததை மீளப் பெறுவதற்கு உடல் இரவு பகலாக முயல்கின்றது. ஆகவே நிறையைக் குறைத்தல் ஒரு தொழில். குறைந்ததை நிலைநிறுத்தல் வேறொரு தொழில். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். பரீட்சைக்காக ஒரு மாதத்திற் படிக்கலாம். படித்ததை வாழ்நாள் முழுவதும் மறவாதிருத்தற்குப் பயிற்சியும் பழக்கமும் வேண்டும்.

அந்த இரண்டாந் தொழிலுக்கு வழிகாட்டியவரே நான் முதலிற் குறிப்பிட்ட இல்லத்தரசி. அவர் பெயர் ஜீன் நைடிச். 1923ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிற் பிறந்தார். தந்தையார் வாடகைக் கார் ஓட்டியவர். தாயார் நகங்களை ஒப்பனை செய்யுந் தொழிலினர். ஜீன் அழுதபோதெல்லாம் இனிப்பைக் கொடுத்தே தாயார் ஆற்றினார். துயரத்துக்கும் தின்பண்டத்துக்கும் உண்டான அந்தத் தொடர்பு வளர்ந்த பின்னும் அவரை விடவில்லை. பஸ் சாரதி ஒருவரை மணந்து, இரண்டு ஆண்மக்களை வளர்த்துவந்த காலத்தில் அவர் பலவகைப் பத்தியங்களைக் கைக்கொண்டார். ஒவ்வொரு முறையும் நிறை குறைந்தது; ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

1961ஆம் ஆண்டில் ஒருநாள் கடையொன்றிலே, பழகிய பெண்ணொருத்தி அவரைக் கண்டு, குழந்தை எப்போது பிறக்கவிருக்கின்றது என்று அன்போடு வினவினாள். ஜீன் அப்போது கருவுற்றிருக்கவில்லை. அவருடைய நிறை 214 இறாத்தலாயிருந்தது. அச்சொல்லால் மனம் நொந்த அவர், நியூயோர்க் நகரச் சுகாதாரத் திணைக்களம் நடத்திய உடற்பருமன் சிகிச்சை நிலையத்தை நாடினார். வைத்தியர் நோர்மன் ஜொலிஃப் வகுத்த உணவு முறை அங்குக் கொடுக்கப்பட்டது. வாரத்தில் ஐந்து முறை மீன், நாளுக்கு இரண்டு துண்டு பாண், கொழுப்பு நீக்கிய பால், பழமும் காய்கறியும் என்பன அதிலிருந்தன. எந்த வேளை உணவையும் தவிர்த்தலாகாது என்பதும் அதன் விதி.

பத்து வாரங்களில் அவருடைய நிறை 20 இறாத்தல் குறைந்தது. ஆனால் ஓர் இரகசியம் அவரை வருத்திற்று. குளியலறையிலுள்ள அழுக்குத் துணிக் கூடையிலே விசுக்கோத்துகளை ஒளித்துவைத்து, வீட்டார் உறங்கிய பின் அவர் தின்றுகொண்டிருந்தார். சிகிச்சை நிலையத்திலே அதனை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆயினும் எவரிடமாவது சொல்லாமலும் இருக்க முடியவில்லை. எனவே, தம்மைப் போலவே பருத்த உடலுடைய ஆறு தோழியரைத் தம் வீட்டுக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் உண்மையைக் கூறினார். அவர்கள் அவரை இகழவில்லை. தத்தம் வீடுகளில் ஒளித்துவைத்துத் தின்றவற்றைத் தாங்களும் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினர்.

நேயர்களே, இந்த வரலாற்றின் திருப்பம் இவ்விடத்திலேதான் நிகழ்ந்தது. உணவு முறை புதியதன்று. அது நகர வைத்தியசாலை கொடுத்தது. புதியது, அதனைக் கைக்கொள்வோர் தனித்திருத்தல் வேண்டா என்பது. அடுத்த வாரம் அவர்கள் மீண்டுங் கூடினர். தோழியரின் தோழியரும் வந்தனர். இரண்டு மாதங்களில் கூட்டம் 40 பேராய்ப் பெருகிற்று. 1962 ஒக்டோபரில் ஜீன் 142 இறாத்தல் நிறையை அடைந்தார். அதாவது 72 இறாத்தல் குறைந்திருந்தார். 1963 மே மாதத்தில், லிப்பேட் என்னும் தம்பதியருடன் இணைந்து 'வெயிற் வாச்சேர்ஸ்' என்னும் நிறுவனத்தைப் பதிவு செய்தார். குவீன்ஸ் பகுதியில் ஒரு படமாளிகையின் மேல்மாடியில் முதற் கூட்டம் நடந்தபோது 50 நாற்காலிகளே இடப்பட்டிருந்தன. வந்தோரோ 400 பேர் என்பர்.

அக்கூட்டங்களின் ஒழுங்கு எளியது. வாரந்தோறும் தராசில் ஏறி நிறை பார்த்தல். பின்னர் அமர்ந்து பேசுதல். கூட்டத்தை நடத்துபவர் ஒரு காலத்திற் பருத்திருந்து, பின் மெலிந்து, அந்நிலையைக் காத்துவருபவராயிருத்தல் வேண்டும். கற்பிப்பவர் தாமும் அத்துயரை அறிந்தவராயிருக்கவே, கேட்பவருக்கு நாணம் நீங்கிற்று.

இந்நிறுவனம் வணிக நிறுவனமாகவே வளர்ந்தது என்பதையும் மறைத்தலாகாது. 1978இல் அது ஹைன்ஸ் என்னும் உணவுக் கம்பனிக்கு விற்கப்பட்டது. அதன் பயனையும் மிகைப்படுத்தலாகாது. 423 பேரைக் கொண்டு நடத்தி 2003இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, ஈராண்டு முடிவில் இவ்வமைப்பிற் சேர்ந்தோர் சராசரியாகக் குறைந்திருந்த நிறை 2.9 கிலோகிராம், பெரும்பாலும் தாமாகவே முயன்றவர்கள் குறைந்திருந்தது 0.2 கிலோகிராம். பெரிய வெற்றி என்று இதனைச் சொல்லமுடியாது. ஆனால் துணை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே வேறுபாடு உண்டென்பது தெளிவு. ஜீன் அம்மையார் தாம் மெலிந்த நிலையை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி, 2015 ஏப்பிரலில் 91ஆம் வயதில் மறைந்தார்.

அண்மைக்காலத்தில் பசியைத் தணிக்கும் ஊசி மருந்துகள் வந்துள்ளன. செமக்குளுட்டைட் என்னும் மருந்து நிறை குறைப்பதற்கென 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனால் நன்மை பெற்றோர் பலர். எனினும், மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டில் தாம் இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கை மீளப் பெற்றனர் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மருந்தாயினும் பத்தியமாயினும், நிறுத்திய அன்றே பழைய நிலை திரும்பத் தொடங்குகின்றது. பாண்டிங் காலத்து உண்மை இன்றும் மாறவில்லை.

அங்ஙனமாயின், நிலைநிறுத்தியவர்கள் செய்தது யாது? குறைந்தது 30 இறாத்தல் குறைத்து, ஓராண்டுக்கு மேல் அந்நிலையைக் காத்தோரைப் பதிவு செய்யும் ஓர் ஏடு 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதிற் பதிந்தோருட் பெரும்பாலோர் காலையுணவைத் தவிர்ப்பதில்லை. வாரம் ஒருமுறையேனும் நிறை பார்க்கின்றனர். நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் நடை முதலிய உழைப்பிலே செலவிடுகின்றனர். இவற்றுள் ஒன்றேனும் வியக்கத்தக்கதன்று. வியக்கத்தக்கது, அவற்றை விடாது செய்துவருவதே.

பிள்ளைகளை வளர்ப்போருக்கு இவ்விடாமுயற்சி எளிதன்று. காலையில் பிள்ளைகளை அனுப்பும் அவசரத்திலே தாய் உண்ணாதிருக்கின்றாள். பின்னர் பிள்ளை மிச்சம் விட்டதை வீணாக்கக் கூடாதென்று அடுப்படியில் நின்றவாறே தின்கின்றாள். தந்தை நாள் முழுவதும் உழைத்துக் களைத்து, இரவிலே ஒருநாளைய உணவையும் ஒரே வேளையில் உண்கின்றார். இவை பேராசையால் விளையும் குற்றங்களல்ல. பிறர்க்கென வாழும் வாழ்க்கையின் பக்கவிளைவுகள். எனவே இவற்றுக்குத் தண்டனையும் ஏளனமும் மருந்தாகா. பிள்ளைகளோடு ஒரே நேரத்தில் அமர்ந்து அளவறிந்து உண்ணுதல், ஒரு மணி நேர நடையைக் காலையும் மாலையுமாகப் பகிர்தல், வாரத்தில் ஒருநாள் தராசின் முன் நிற்றல் ஆகியன எவருக்கும் இயல்வனவே. ஆனால் இவற்றைத் தொடர்ந்து செய்வதற்கு வீட்டிலுள்ள மற்றவர்களின் துணை வேண்டும். அம்மாவின் உடல் அம்மாவின் பாடு என்று குடும்பத்தினர் விலகி நிற்பராயின், எந்தப் பத்தியமும் ஓராண்டைக் கடவாது.

பாண்டிங் நமக்கு உணவைக் கற்பித்தார். ஜீன் அம்மையார் உறவைக் கற்பித்தார். ஒளித்துவைத்த விசுக்கோத்தைப் பற்றி ஆறு பேரிடம் வாய்விட்டுச் சொன்னதிலிருந்து அவருடைய நலம் தொடங்கிற்று. அவ்வாறு ஒருவர் நம்மிடம் வந்து தம் குறையைச் சொல்லும் வேளையில், நகையாது கேட்கும் ஒருவராய் நாம் இருப்போமாக.